அரை மணி நேரம் நடக்கச் சொன்ன டாக்டர்

கண்டிக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பருமனானவள் கையில் மருந்து எழுதித் தரும் கிளினிக் கொப்பி இருந்தது. அவள்தான் தொடங்கினாள்.

"வயித்தச் சின்னதாக்குற ஆபரேஷனுக்குப் பெரிய டாக்டர்கிட்ட அனுப்பச் சொல்லி கிளினிக் டாக்டர்கிட்ட கடிதம் கேட்டேன்க்கா. தர மாட்டாராம். தினம் அரை மணி நேரம் நடக்கணுமாம்."

"நீ தேயிலக் கொழுந்து எடுக்கிறவன்னு சொன்னியா, செல்வி?"

"சொன்னேனே. காலையில இருந்து மலையிலதான் ஏறி எறங்குறேன்னேன். அது வேலையாம், உடற்பயிற்சி இல்லையாம்."

எனக்கே அந்த ஆளை அறையலாம் போல இருந்தது. செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முழங்கால் போச்சு, ரத்தத்துல சீனி கூடிக்கிட்டே போகுதுன்னு எல்லாம் சொல்லியாச்சு. சோத்தக் குறைங்கன்னாரு. குறைச்சு ரெண்டு வருசமாச்சு ஐயான்னேன். நம்பல."

"அப்புறம்?"

"ஒரு நாள் ஹந்தானைத் தோட்டத்துக்கு வந்து என்கூட நடந்து பாருங்க, கூடைய நானே தூக்கிக்கிறேன்னேன்."

"அடிப்பாவி. கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்லக்கா. சனிக்கிழமை வர்றேன்னாரு. என்ன கொண்டு வரணும்னு வேற கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"பேனா கொண்டாங்க ஐயா, பாதி மலையிலயே கடிதம் எழுதிருவீங்கன்னேன்."