மூன்று பெட்டிக்கு ஒரே கட்டுத்துணி

டீ ஆறுகிறது மேடம், குடித்துக்கொண்டே என் வாக்குமூலத்தை எழுதுங்கள். எங்கள் கம்பெனி டீ அவ்வளவு மோசமில்லை.

நான் இங்கே நல அலுவலர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள். இங்கே துணி வெட்டும் மேசையில் வேலை பார்த்த என் சித்தி அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. "எங்க அக்கா பொண்ணு ஆபீஸ்ல இருக்கா, நமக்கென்னடி பயம்" என்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். கம்பெனிக்குள் என்னை மேடம் என்று கூப்பிடச் சொல்லியிருந்தேன். கூப்பிட்டாள்.

மூன்று ஷெட். ஒவ்வொன்றிலும் முதலுதவிப் பெட்டியும் பயிற்சி பெற்ற ஆளும் இருக்க வேண்டும் என்பது சட்டம். மேனேஜரிடம் கேட்டேன்.

"மூணு பெட்டி மாட்டியாச்சே."

"உள்ள வைக்கிறதுக்கு சார்?"

"ஒரு செட் போதும்மா. ஆர்டர் குடுக்கிற கம்பெனியிலேர்ந்து ஆய்வுக்கு வர்றவங்க ஒரே நேரத்துல மூணு ஷெட்டுலயா நிப்பாங்க?"

அதனால் கட்டுத்துணி, பஞ்சு, கத்தரிக்கோல் எல்லாம் ஒரு பையில் இருக்கும். ஆய்வாளர்கள் போகும் ஷெட்டுக்கு அவர்களுக்கு முன்னால் பை போய்விடும். பயிற்சிக்கு என்னை மட்டும் அனுப்பினார்கள். மற்றவர்கள் பயிற்சி நடந்ததாகக் காட்ட, அடிபட்டவர்கள் போல் போட்டோவுக்குப் படுத்து எழுந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கோபத்தை வைத்துக்கொண்டு வேலைக்கு வரலாம், காட்டிக்கொண்டு வர முடியாது.

ஒருத்தி இஸ்திரிச் சூட்டுக்குப் பற்பசை தடவி, புண் சீழ் பிடித்தது. அதன்பிறகு, பயிற்சி இல்லாதவர்கள் காயத்தைத் தொடக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினேன். சரியான விதிதான்.

அன்று ஆய்வாளர்கள் முதல் ஷெட்டில். பையும் அங்கே. மூன்றாம் ஷெட்டில் வெட்டும் கத்தி சித்தியின் முன்கையில் இறங்கிவிட்டது. நான் உடனே போய்விட்டேன். முதலில் கதவைச் சாத்தினேன், சத்தம் வெளியே கேட்கும்.

பக்கத்து மேசைக்காரி துணியை உருவினாள். "இறுக்கிக் கட்டிடறேன் மேடம்."

"தொடாதே. உனக்குப் பயிற்சி இல்ல."

"உங்களுக்கு இருக்குல்ல, நீங்க கட்டுங்க."

"சுத்தமான கட்டுத்துணி வேணும்" என்றேன். எங்களைச் சுற்றி நெஞ்சு உயரத்துக்கு வெள்ளைத் துணி அடுக்கியிருந்தது.

"அப்ப பெட்டியையாவது தெறங்க. இதுக்குன்னுதானே மாட்டி வெச்சிருக்கீங்க, பூசை பண்ணவா?"

சாவி என் கையில்தான் இருந்தது. திறந்தால் காலிப் பெட்டி. எவளாவது அழுதுகொண்டே ஆய்வாளர்களிடம் ஓடுவாள், ஆர்டர் போகும், எல்லார் வேலையும் போகும். அவர்களுக்காகத்தான் யோசித்தேன்.

சித்தி மேசைக் காலில் சாய்ந்திருந்தாள். "கத்தாதீங்கடி. அவ பாத்துக்குவா, படிச்ச புள்ள." பிறகு என்னிடம் மட்டும், "குளிருது கண்ணு" என்றாள்.

"ஆம்புலன்ஸ் வருது சித்தி" என்றேன். கம்பெனிக்குள் அவளைச் சித்தி என்றது அதுதான் முதல் தடவை.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அழுத்திப் பிடித்துக் கையைத் தூக்க வேண்டும். கட்டுத்துணி கிடைக்காவிட்டால் உள்ளங்கையே போதும். ஆனால் உடுப்பெல்லாம் ரத்தமாகி ஆய்வாளர்கள் முன்னால் எப்படி நிற்பது? அவர்களை முதலில் சாப்பிட அழைத்துப் போகச் சொல்லி மேனேஜருக்குத் தகவல் அனுப்பினேன். அவர்கள் கார் வாசலைத் தாண்டிய பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வருது என்று சித்தியிடம் சொன்னபோது நான் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை.

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது சித்திக்குக் குளிரவில்லை. அந்தப் பெண்கள் அப்போதும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளித்தான் நின்றார்கள். நான் தொடச் சொல்லவில்லையே.

முடிந்ததென்றால் கையெழுத்துப் போடுகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று ஷெட்டுக்கும் முதலுதவிப் பயிற்சி இருக்கிறது. இந்த முறை போட்டோவுக்கு இல்லை, நிஜமாகவே. நான்தான் எடுக்கிறேன். வேறு யாரிடமாவது விட்டால் பதறிவிடுவார்கள்.