வெட்டிய காட்டுக்கு ஈடு

உக்குவளையிலிருந்து வந்த பஸ்ஸை மாத்தளைக்குச் சற்று முன்னால் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு முன் இருக்கையில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவும், அரசாங்கக் கந்தோரில் வேலை பார்க்கும் ஒருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரோட்டுக்காக ரிசர்வ் காட்டை வெட்டினீங்களே தம்பி, குரங்கெல்லாம் இப்ப எங்க தோட்டத்துலதான் குடியிருக்கு."

"கவலப்படாதீங்க நானா. வெட்டின காட்டுக்கு ஈடா வேற எடத்துல பைன் மரம் நட்டுட்டோம்."

"குரங்குக்கு அதைச் சொல்லிட்டீங்களா?"

"போர்டு வச்சிருக்கோம்."

"அவ்வளவு வெறுங்காணி எங்க கெடச்சிச்சு?"

"வெறுங்காணி ஏது? பக்கத்துல இன்னொரு காடு இருந்துச்சு. அதை வெட்டித்தான் நட்டோம்."

"மாஷா அல்லாஹ்! அப்ப அந்தக் காட்டுக்கு ஈடு?"

கந்தோர்க்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவையும் குறிப்புப் புத்தகத்தையும் எடுத்தார்.

"உங்க தோட்டம் எத்தன ஏக்கர் நானா?"