உச்சிவெயில் ஓவியம்

காலண்டர் வாங்குகிறவர் யாரும் முதலில் தேதியைப் பார்ப்பதில்லை சார். படத்தைத்தான் பார்ப்பார். அதைத் தெரிந்துகொண்டவன் சிவகாசியில் பிழைத்துக்கொள்வான். நான் பிழைத்தேன். அச்சகம் உண்டு, ஆனைக்குட்டம் போகிற வழியில் பட்டாசுக் கம்பெனியும் உண்டு.

மாரிக்கண்ணனை நான்தான் கண்டுபிடித்தேன். என் காலண்டருக்குப் பனிமலை வரைந்துகொண்டிருந்தவன். வேறொரு கம்பெனி வெடிவிபத்தில் அவன் அப்பா கருப்பணன் போனார். காரியம் முடிந்த கையோடு ஒரு படம் கொண்டுவந்தான். கரிசல் நடுவே கூரை பறந்த ஷெட். ஜன்னலுக்குள் சீமைக்கருவேலம் கை நீட்டுகிறது. தலையில்லாத பனை. நிழலே விழாத உச்சிவெயில். பார்த்ததும் எனக்கு வியர்த்தது. அப்புறம் விலை தோன்றியது.

ஆடிப்பெருக்கன்று போடுகிற புது காலண்டர் ஆல்பத்துக்கு அது ஆகாது. வீட்டில் எவன் மாட்டுவான்? சென்னையில் ஓவியக்கூடம் நடத்தும் ஆர்த்தியிடம் காட்டினேன்.

"வெள்ளைக்காரன் பேய் வரையணும்னா பனியும் இடிஞ்ச கோட்டையும் வேணும் சார். இவர் பட்டப்பகல்லயே வரைஞ்சிருக்கார். இன்னும் கொண்டுவாங்க, தனிக் கண்காட்சியே வைக்கலாம்."

வாக்குக் கொடுத்தேன். மாரிக்கண்ணனை ஆலங்குளத்துக்கு அனுப்பினேன். சுண்ணாம்புக்கல் குழியை வரைந்தான். குழி மாதிரிதான் இருந்தது. பிறகு ஒருநாள் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, இனிமே இந்தக் கறுப்பு வேண்டாம். படத்தப் பாத்தா தூக்கம் வரலைங்கா அய்யம்மா."

அய்யம்மாள் அவன் மனைவி. என் கம்பெனியில்தான் வேலை.

"ஏலே, உன்ன ஆளாக்குனவன் நான். வாக்குக் குடுத்துட்டேன்லே."

"குடுத்தது நீங்கதான அண்ணாச்சி."

சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். அந்தக் கறுப்பு அவன் கைக்கு எங்கிருந்து வந்தது? அப்பா போன துக்கத்திலிருந்து. சரக்கு விளைகிற இடத்தில்தானே தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

பட்டாசுக்குக் கலந்த மருந்து அன்றைக்கே தீர வேண்டும். மிஞ்சினால் தண்ணீரில் கொட்டிவிட வேண்டும். காற்றில் ஈரம் வாங்கிக் கிடந்தால் தொட்டாலே வெடித்துவிடும். போர்மேன் தங்கப்பாண்டியன் உங்களிடம் சொன்னது உண்மைதான். "மிச்சம் அங்கனயே இருக்கட்டும், திங்கக்கிழமை ஆர்டர் இருக்கு" என்றேன். தயங்கினார். முதலாளி முன்னால் தயக்கம் எவ்வளவு நேரம் நிற்கும்?

மறுநாள் ஞாயிறு. அய்யம்மாளை மட்டும் வரச் சொன்னேன். மிச்ச மருந்து இருந்த சட்டி மூடியிருந்தது. உள்ளே என்னவென்று அவளுக்குத் தெரியாது.

"மருந்து ரூமக் கூட்டி, சட்டிய ஓரமா நகத்தி வச்சிரும்மா."

"சரிங்க அண்ணாச்சி. நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அய்யம்மாளின் சாவுச் செலவு முழுக்க என்னுடையது. கான்வாஸும் நானே வாங்கிப் போனேன், கறுப்புச் சாயம் கூடுதலாக. மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். வரைந்தும் முடித்தான்.

போய்ப் பார்த்தால் படத்தில் ஷெட் முழுசாக நிற்கிறது சார். வெள்ளையடித்த சுவர். கருவேலம் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. வாசலில் அய்யம்மாள் தூக்குவாளியோடு நின்று யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு பொட்டுக் கரி இல்லை. இதை ஆர்த்தியிடம் எப்படிக் காட்டுவது?

"இது விக்கிறதுக்கு இல்ல அண்ணாச்சி" என்றான்.

அவனுக்காக இவ்வளவும் செய்தேன். அய்யம்மாளைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதோடு இதையும் சொல்லுங்கள்: நம்பினவனை ஏமாற்றியதற்கு மாரிக்கண்ணன் மேல் எந்தச் செக்‌ஷனில் வழக்குப் போடலாம்?