நில்லு சார்

– ஆக மொத்தம் நான் சொல்றது இதுதான், எழுதி வெச்சுக்கோ. கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றதுக்காக வண்டி ஓட்டுறவன், மனுஷ குலம் சக்கரத்தக் கண்டுபிடிச்சதுக்கே அவமானம்.

– சரி மாமா.

– 'சரி மாமா' இல்ல. யோசிச்சுப் பாரு. சக்கரம் எதுக்கு? ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர. அவ்வளவுதான் அடிப்படை. இந்த ரேஸ் கிளப்புக்காரனுங்க ஒரு வெள்ளக் கோட்டுலேர்ந்து கிளம்புறானுங்க, உயிரக் கையில பிடிச்சுக்கிட்டுப் பறக்குறானுங்க, கடைசியில எங்க போய்ச் சேர்றானுங்க? அதே வெள்ளக் கோடு. செக்குமாடும் இதத்தான் செய்யுது. ஆனா அது மெம்பராகிச் செய்யல. அதுக்கு எண்ணெயாவது மிஞ்சுது.

– மாமா.

– என்ன?

– பிரேக்க விடுங்க.

– நான் எங்க அழுத்துறேன்?

– உங்க பக்கத்து பிரேக்க அழுத்திக்கிட்டேதான் வர்றீங்க. நான் ஆக்ஸிலேட்டர் குடுக்கக் குடுக்க வண்டி முனகுது.

– டிரைவிங் ஸ்கூல் வண்டின்னா அப்படித்தான். ரெண்டாவது பிரேக் என்ன அழகுக்கா வெச்சிருக்கு? அது... அதுக்கப்புறம் நீ இன்னிக்குத்தான் ஸ்டியரிங்கத் தொடுற. என் கால் அங்கதான் இருக்கும். கண்ணாடி பாரு. இண்டிகேட்டர் போடு. இடது.

– கூரை மேல 'எல்' போர்டு வேற. நான் கல்யாணத்துக்கு முன்னாடியே லைசென்ஸ் எடுத்தவ.

– யாரு கத்துக் கொடுத்தா?

– நீங்கதான்.

– ஆங். கத்துக்க வந்த பொண்ணு வண்டிய விட்டுட்டு என் பையன ஓட்டிக்கிட்டுப் போயிட்ட.

– உங்க ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் உங்களுக்கு ஒரு பேர் வெச்சிருந்தோம், தெரியுமா?

– தெரியாம என்ன. 'நில்லு சார்.' இந்த ஊர்ல லைசென்ஸ் வெச்சிருக்கிறவன் பாதிப் பேரு என் கையில உருவானவன். எவனையாவது பிடிச்சு, தூக்கத்துல எழுப்பி, 'மஞ்சள் எரிஞ்சா?'ன்னு கேளு. 'நில்லு சார்'னுவான். என்னத்தான் கூப்பிடுறான்னு நெனச்சுக்குவேன். என் பேரே அடிப்படை விதி ஆயிடுச்சு. எத்தன வாத்தியாருக்கு அது கிடைக்கும்?

– யாருக்கும் கிடைக்காது மாமா.

– அந்தக் கிளப்புல ஒருத்தன் இருந்தானே, தொப்பையும் அவனுமா. அந்தச் சிவப்பு உடுப்புல ஜிப்ப மேல ஏத்த ரெண்டு பேர் மல்லுக்கு நின்னாங்க. ரேஸ்காரராம். அவன் என்கிட்ட வந்து ரிவர்ஸ் எடுத்தா தூணுக்கு ஆபத்து. அப்புறம் அந்த ஹாலு. சோபா, பெரிய டிவி, கண்ணாடிச் சுவர். ஓட்டுறவன ஓட்டாதவன் உக்காந்து பாக்கணுமாம். நான் நாள் முழுக்க அதத்தான் செய்றேன், ஒருத்தனும் எனக்கு சோபா போடல.

– நீங்க அந்த ஹால விட்டு வரவே இல்ல. ஷெட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டேன்.

– காபி சூடா இருந்துச்சு.

– உங்க பையனோட ரேஸ் வண்டி அங்கதான் நிக்குது. மேல துணி போட்டு மூடி வெச்சிருக்காங்க.

– அதான் வாசல்லேர்ந்தே தெரிஞ்சுதே. மூடின துணிய ஒரு தடவ பாத்தது எனக்குப் போதும்.

– ஹெல்மெட் சீட்டுலயே இருந்துச்சு. எடுத்துப் போட்டுப் பாத்தேன்.

– உன் தலைக்குப் பெருசு.

– பெருசுதான். உள்ள அவர் தலை வாசன அப்படியே இருக்கு மாமா. தலகாணி உறையக் கூடத் துவைச்சாச்சு வீட்டுல. அதுல மட்டும் இருக்கு.

– ...கியர மாத்து. மூணாவதுலயே இழுக்குற.

– மாத்துறேன்.

– எனக்கு ஆறலம்மா. ஞாயித்துக்கிழம ஆனா 'கண்ணாடிக் கடையில ஸ்டாக் எடுக்கணும்பா'ன்னு போவான். நானும், ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டுற பையன், எவ்வளவு பொறுப்புன்னு பெருமப்பட்டுக்கிட்டு இருந்தேன். கடைசியில என் கண்ணுலயே மண்ணு. அவன் காரியம் முடியற வரைக்கும் எனக்குத் தெரியல. வாசல்ல நாலஞ்சு பேரு ஹெல்மெட்டக் கையில இடுக்கிக்கிட்டு வந்து நின்னானுங்க. நான் கூரியர்னு நெனச்சுட்டேன்.

– தெரியும். 'எங்க கையெழுத்துப் போடணும்?'னு கேட்டீங்க.

– அதுல ஒருத்தன் அழுதுட்டான். எந்தக் கூரியர்காரன் அழுவான்? அப்பத்தான் உறைச்சுது.

– போன் அடிக்குது மாமா. நான் ஓட்டுறேன்ல, நீங்க எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

– வண்டியில போன் எடுக்கக் கூடாது.

– ஓட்டுறவங்கதான் எடுக்கக் கூடாது.

– அலோ.

– வணக்கம் மேடம்! கிளப் செயலாளர் பேசுறேன். இன்னிக்கு எங்க குடும்பத்த வந்து பாத்ததுல எங்களுக்கு அளவில்லா மகிழ்ச்சி.

– மேடம் ஓட்டுறாங்க. நான் அவங்க மாமனார்.

– ஓ, ஐயா! காபி எப்படி இருந்துச்சு ஐயா?

– வட்டமா இருந்துச்சு.

– சரிங்க ஐயா. ஒண்ணுமில்ல, மறைந்த உறுப்பினரோட இடம் அவங்க மனைவிக்குத்தான்னு எங்க விதி. ஆனா இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள சரின்னு சொல்லணும். இல்லேன்னா அடுத்தவருக்குப் போயிடும். அவசரப்படுத்தல. துக்கத்த நாங்க மதிக்கிறோம். ஒரு பல் டாக்டர் ரொம்ப நாளா ஆவலா காத்துக்கிட்டிருக்கார், அதான்.

– எதுக்கு ஆவலா?

– இடம் காலியாகறதுக்குங்க.

– ரொம்ப நல்லவரு. பல்லு விழுந்தாத்தானே அவருக்கும் பொழப்பு. வெக்கிறேன்.

– மாமா, ஏன் வெச்சீங்க? நான் பதில் சொல்லணும்.

– என்ன பதில்? வேணாம்னுதானே?

– சேரப் போறேன்.

– வண்டிய ஓரம் கட்டு.

– இங்க நிறுத்தக் கூடாது, போர்டு இருக்கு. நீங்க கத்துக் கொடுத்ததுதான்.

– அப்போ ஓட்டிக்கிட்டே கேளு. உன்ன நான் எதுக்கும் தடுத்ததில்ல. திரும்பவும் வேலைக்குப் போறேன்ன, போன்னேன். அவன் சட்டையெல்லாம் குடுத்துடலாம்ன, குடுன்னேன். இது மட்டும் நடக்காது. அவனக் கொன்னது அந்தக் கிளப்பு. அதே வாசல்ல உன்னையும் கொண்டுபோய் விடணுமா? எனக்குன்னு மிச்சம் இருக்கிறது நீ ஒருத்திதான்.

– கிளப்பு கொல்லல மாமா. அவர் போனது ரோட்டுல, சிக்னல்ல.

– வேகத்த எங்க கத்துக்கிட்டான்? போலீஸ்காரன் என்ன சொன்னான்? 'சடன் பிரேக் போட்டிருக்கார் சார், பின்னால லாரி ஏறிடுச்சு.' வேகமா வர்றவன்தான் சடன் பிரேக் போடுவான். அடிப்படை. அங்க சுத்திச் சுத்திக் காலுக்கு வெறி ஏறிப்போச்சு, ரோட்டுலயும் அதையே காட்டினான். எழுதி வெச்சுக்கோ.

– எழுதி வெச்சது போதும் மாமா. நான் ஏன் சேரணும்கிறேன்னு ஒரு தடவ கேளுங்களேன்.

– சொல்லு.

– அங்க எதிர்ல யாரும் வர மாட்டாங்க. குறுக்கால எவனும் வர மாட்டான். எல்லாரும் ஒரே பக்கம் போறாங்க. ஓட்டிக்கிட்டே இருக்கலாம், எங்கயும் போய்ச் சேர வேண்டியதில்ல.

– போய்ச் சேராம எதுக்கு ஓட்டணும்?

– போய்ச் சேர்ந்தா என்ன இருக்கு? இப்ப வீட்டுக்குப் போவோம். நீங்க டிவியச் சத்தம் இல்லாம வெச்சுப் பாப்பீங்க. நான் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவேன். அவர் ரூம் கதவு சாத்தியிருக்கும். ரெண்டு பேரும் அந்தக் கதவுப் பக்கம் பாக்காம தூங்கப் போவோம். அங்க போய்ச் சேர இவ்வளவு கண்ணாடி பாத்து இண்டிகேட்டர் போடணுமா மாமா?

– ...பாத்துப் போ. பள்ளம்.

– அங்க ஒரு கொடிக்காரர் இருந்தார், பேசிக்கிட்டிருந்தேன். முன்னாடி எங்கயாவது ஒரு வண்டி சிக்கிட்டா, மஞ்சள் கொடி காட்டுவாராம். உடனே எல்லாரும் மெதுவாகணும். ஒருத்தரும் ஒருத்தர முந்தக் கூடாது. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும்.

– அதத்தான் நான் இத்தன வருஷமா இந்த ஊருக்குத் தொண்ட கிழியச் சொல்லிக்கிட்டிருக்கேன். மஞ்சள்னா நில்லு. அதுக்கு ஒரு கிளப்பு வேணுமா?

– நீங்க சொன்னது முன்னால போறவருக்கு மட்டும்தானே மாமா தெரிஞ்சுது. பின்னால வந்தவனுக்குத் தெரியலையே.

– என்ன சொன்ன?

– ஒண்ணுமில்ல.

– இல்ல, என்ன சொன்ன இப்ப?

– விடுங்க மாமா.

– நீ அன்னிக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்த. இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல, நானும் கேக்கல. இப்பக் கேக்குறேன். என்ன வேகத்துல வந்தான்?

– கேக்காதீங்க.

– என்ன வேகத்துல வந்தான்னு கேக்குறேன்!

– வேகமே இல்ல. எப்பவும் போற மாதிரிதான் போனார். சிக்னல் பக்கத்துல வந்தாச்சு. மஞ்சள் விழுந்துச்சு. தாண்டியிருக்கலாம் மாமா. வண்டி கோட்டுக்கிட்ட வந்தாச்சு, யாரா இருந்தாலும் தாண்டியிருப்பாங்க. பின்னால லாரிக்காரனும், இவர் தாண்டுவார், நாமளும் ஒட்டிக்கிட்டே தாண்டிடலாம்னுதான் வந்தான்.

– அப்புறம்?

– சிரிச்சார்.

– சிரிச்சானா?

– 'நில்லு சார் பையனே மஞ்சள்ல போனான்னு ஊர் சிரிக்கும்'னு சொன்னார். சொல்லிக்கிட்டே பிரேக்க மிதிச்சார். அவ்வளவுதான். அதுதான் கடைசி. சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். நீங்க கிளப்பு மேல பழி போட்டுக்கிட்டாவது நிம்மதியா இருங்கன்னு விட்டேன். மாமா? மாமா, ஏதாவது பேசுங்க.

– கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டாத. தேஞ்சுடும்.

– சரி.

– பெல்ட் போட்டிருந்தானா?

– போட்டிருந்தார். ஏறின உடனே போட்டுட்டுத்தான் சாவியத் திருப்பினார்.

– கண்ணாடி பாத்தானா? பிரேக்குக்கு முன்னாடி கண்ணாடி பாக்கணும்னு... நான் அதச் சொல்லித் தந்தேனா? பதினெட்டு வயசுல இந்த சீட்டுலதான் உக்கார வெச்சுச் சொல்லித் தந்தேன். நில்லு நில்லுன்னு கத்தினது ஞாபகம் இருக்கு. பின்னால பாத்துட்டு நில்லுன்னு சொன்னேனான்னு ஞாபகம் இல்ல.

– எனக்குச் சொன்னீங்க மாமா. கண்ணாடி, இண்டிகேட்டர், அப்புறம் பிரேக்.

– உனக்குச் சொன்னேன். அவனுக்கு?

– சொல்லியிருப்பீங்க.

– காசு குடுத்துக் கத்துக்க வந்தவங்களுக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுத்தேன். சொந்தப் பையன்தானே, பாத்தே கத்துக்குவான்னு... கண்ணாடி பாரு.

– பாத்தேன்.

– என்ன இருக்கு?

– லாரி. சிமெண்ட் லாரி. ஒட்டிக்கிட்டே வர்றான் மாமா.

– பதறாத. கையத் தளர்த்து. முன்னால பாரு.

– மாமா, சிக்னல். பச்சதான். மாறப் போகுது... மஞ்சள்! மாமா, மஞ்சள்!

– போ.

– மஞ்சள் மாமா!

– பின்னால லாரி இருக்கு. போன்னு சொல்றேன்ல, போ!

– ...

– மூச்ச விடு. தாண்டிட்டோம். அவனும் தாண்டிட்டான், பாரு. கைய ஆட்டிட்டுப் போறான் மடப்பய.

– மஞ்சள்ல போயிட்டேன் மாமா.

– போனா போகட்டும். ஓட்டு.

– நீங்க உங்க பிரேக்க அழுத்துவீங்கன்னு நெனச்சேன்.

– கால அப்பவே எடுத்துட்டேன்.

– எப்ப?

– அவன் சிரிச்சான்னு சொன்னியே, அப்ப.

– மாமா, திரும்பவும் போன் அடிக்குது. கிளப்புதான்.

– அடிக்கட்டும். நீ ரோட்டப் பாரு. நான் பேசுறேன். அலோ.

– ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கணும், சாயந்திரம் நெருங்குதுங்க. டாக்டர் இங்கயே வந்து உக்காந்திருக்கார்.

– அவருக்கு ஒரு காபி குடுத்து அனுப்பி வைங்க.

– அப்படின்னா மேடம் சேர்றாங்களா ஐயா?

– ஒண்ணு கேக்கணும். உங்க கொடிக்காரர் மஞ்சள் காட்டினா, பின்னால வர்றவன் நெஜமாவே நிக்கிறானா?

– நிக்க மாட்டாங்கய்யா, மெதுவாவாங்க. முந்த மாட்டாங்க.

– ஒருத்தனும்?

– ஒருத்தரும் முந்த மாட்டாங்க. முந்தினா அன்னியோட வெளியத்தான்.

– சரி. அவ வண்டியில பக்கத்து சீட்டு இருக்கா?

– இருக்குங்க. விருந்தாளிங்க ஹெல்மெட் போட்டுக்கிட்டு உக்காரலாம். ஏன் கேக்குறீங்க?

– சும்மாதான். அவ சேர்றா. வெக்கிறேன்.

– மாமா...

– ரோட்டப் பாரு.

– நம்ம தெரு வந்துடுச்சு. இதோ கேட்டு. பிரேக் போடவா?

– கண்ணாடி பாத்தியா?

– பாத்தேன். பின்னால யாருமில்ல. நிறுத்தவா?

– வேணாம். நேரா போ. முனையில இடது. அப்புறம் இடது, மறுபடியும் இடது.

– அப்படிப் போனா கிளம்பின இடத்துக்கே வந்துடுவோமே மாமா.

– தெரியும். நிக்காத. ஓட்டு.