சாப்பிட்டதும் படுக்கக் கூடாது

தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாட்களை நானே பிழை பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்புவேன். சிவகாசியில் இருபத்தாறு வருடமாக அச்சகம் நடத்துகிறேன். ஒரு தேதிகூடத் தப்பியதில்லை. மகள் ஸ்ரீமதியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையும் நல்ல நாள்தான்.

என் மனைவி பொன்னுத்தங்கத்துக்கு நான்கு வருடமாக உடம்பு சரியில்லை. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரல்கள் நீலமாகும். பிறகு தோல் இறுகியது. மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தோம். அப்புறம் விழுங்குவது சிரமமானது. சிஸ்டமிக் ஸ்கிலரோசிஸ் என்றார் மதுரை டாக்டர். என்னை உட்காரவைத்துப் படம் வரைந்து காட்டினார். உணவுக்குழாயின் நரம்பும் தசையும் வேலை செய்யவில்லை. சோறு தன் கனத்தில் தானாக இறங்கினால்தான் உண்டு.

"கூழ் மாதிரிதான் கொடுக்கணும். சாப்பிட்டதும் படுக்கவே கூடாது. படுத்தா மேலே ஏறி நுரையீரலுக்குப் போயிரும்."

எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஊரில் அல்சர் என்று சொல்லிவைத்தேன். உண்மையைச் சொன்னால் ஒட்டும் என்பார்கள், பரம்பரை என்பார்கள். பெண்ணைப் பெற்றவனுக்கு அந்தப் பயம் இருக்கும்.

சாத்தூரிலிருந்து வந்தவர்கள் நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் அம்மா, "நீங்களும் எங்களோட உக்காருங்க மதினி" என்று பொன்னுத்தங்கத்தின் கையைப் பிடித்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். சோறும் வடையும் நானே பரிமாறினேன். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து, பாதி இலையைக் காலி செய்தாள்.

கைகழுவும் இடத்தில், "ஏங்க, நெஞ்சுலயே நிக்குது" என்றாள். இருமல் தொடங்கிவிட்டது. அறைக்குக் கூட்டிப்போனேன்.

"கொஞ்சம் படு."

"படுத்தா மேல வந்துருமேங்க. உக்காந்தே இருக்கேனே."

"இருமல் வெளிய கேக்குது. தலகாணியில மூஞ்சிய வச்சுப் படுத்துக்கோ. அவுக கிளம்பட்டும்."

அவள் என் சொல்லைத் தட்டியதில்லை. படுத்தாள். வெளியே வந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்.

கல்யாணத் தேதி பேசினோம். முதலில் இருமல் கேட்டது. பிறகு கதவைத் தட்டும் சத்தம், மெதுவாக. அந்த விரல்களால் ஓங்கித் தட்ட முடியாது. டி.வி.யைப் போட்டேன். நாற்பது நிமிடம் கழித்து அவர்களை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத்தான் திறந்தேன். கதவோரம் சரிந்து கிடந்தாள்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நோயால் இறந்ததாகத்தான் எழுதிக் கொடுத்தார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள், "அண்ணாச்சி தங்கமாப் பாத்துக்கிட்டாக" என்றார்கள். அதைக் கேட்டு உட்கார்ந்திருக்க முடியாமல்தான் நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன், சார். அவள் இருமலுக்காக வெட்கப்பட்டேன் என்று சொல்வதற்குத்தான் நாக்கு கூசுகிறது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சுக்கு நடுவில் ஸ்ரீமதி என் காதருகே குனிந்து, "அம்மா தட்டுற மாதிரி இருக்கேப்பா" என்றாள்.

"அம்மா தூங்குறா. எழுப்பாத" என்றேன்.

அப்போதும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள்.