ரூமுக்கு நாலு பேர்

வெம்பக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவளுக்கு வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. சிவகாசி தாண்டியதும் அவள் சொன்னாள்:

"வெடிச்ச அன்னைக்கு எங்க கம்பெனில ரூமுக்கு நாலு பேருதான் இருந்தோமாம், மதினி. விசாரணையில மேனேஜரு சொல்றாரு."

"ஒங்க ரூம்ல பன்னெண்டு பேரு இருந்தீகள்ல?"

"ஆமா. கூரை ஒழுகுதுன்னு ரெண்டு ரூமைப் பூட்டிட்டு, அங்கன இருந்த எட்டு பேரையும் எங்ககூட உக்கார வச்சாக. தீபாவளி ஆர்டரு, லோடு போகணும்னு அம்புட்டு அவசரம். நான் தண்ணி குடிக்க வாசலுக்கு வந்தேன், கையோட போச்சு."

"பெறகு நாலு எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

"மொத்தம் பத்து ரூமு, நாப்பது ஆளு. வகுத்தா சராசரி நாலாம். சட்டப்படி ரூமுக்கு நாலு பேருதான இருக்கணும், சரியாப் போச்சுல்ல. பூட்டிக் கெடந்த ரூமையும் சேத்து வகுத்திருக்காரு, மனுசன்."

"நீ எந்திரிச்சுச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேனே. ஒத்த ரூமை மட்டும் தனியாப் பாக்கக் கூடாதாம். மொத்தமாத்தான் பாக்கணுமாம்."



"அப்ப செத்துப்போன ஏழு பேரு?"

"அவுகளையும் பத்து ரூமுக்கு வகுத்துப் பாருங்க, மதினி. ரூமுக்கு ஒரு ஆளுகூட முழுசாச் சாகல."