பல் மருத்துவரின் கிராபிக்ஸ் கார்டை எடுத்தது யார் என்பது குறித்து

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்திரண்டு. வீட்டிலிருந்தே கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் வரைந்து கொடுக்கிறேன். திங்கட்கிழமை முதல் தங்கள் காவலில் இருக்கும் கணினி மெக்கானிக் என் மனைவியின் தம்பி. காவல் நிலையத்திலிருந்து யாரும் கூப்பிடாமல் நானாகவே இதைச் சொல்கிறேன்.

கணினியில் படங்களை இயக்குவதற்காக மைத்துனன் கடை மூலமாக நான் வாங்கிய கிராபிக்ஸ் கார்டைத் தொண்ணூறு நாளுக்குள் திருப்பி அனுப்பினால் அதைவிடப் பெரிய கார்டு தருவதாகத் தயாரிப்பு நிறுவனம் ஒரு திட்டம் வைத்திருந்தது. அதில் கடையின் பெயரில்தான் பதிந்திருந்தேன். கார்டில் சேதம் இருக்கக் கூடாது, வரிசை எண் ஸ்டிக்கர் கிழியக் கூடாது என்பது விதி. எண்பத்தொன்பதாம் நாள், கார்டைப் பிடித்திருக்கும் சின்னக் கொக்கியை விடுவிக்க மறந்து பிடுங்கியதில் கார்டின் ஓரம் உடைந்துவிட்டது. இருபது வருடம் கணினியோடு மல்லுக்கட்டியவன் செய்கிற காரியமா இது என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

அதன் பிறகு அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மைத்துனன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தேறாது மாமா, விட்டுத் தள்ளுங்க" என்றான். அவன் மேசையில் ஒரு பல் மருத்துவரின் கணினியைத் தூசி தட்டப் பிரித்து வைத்திருந்தான். அதன் கார்டும் என்னுடைய ரகமே. அதன் பிறகு அவன் எனக்கு டீ வாங்கப் போனான். அந்த நேரத்தில் சூடான காற்று ஊதும் கருவியால் இரண்டு ஸ்டிக்கர்களையும் இளக்கி உரித்து, மாற்றி ஒட்டி, மருத்துவரின் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு, உடைந்ததை அங்கேயே வைத்துவிட்டு, டீக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டேன். ஸ்டிக்கரின் ஓரங்களை நிதானமாக நீவிவிட்டுத்தான் வந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது அசிங்கமாக இருக்கிறது.

மறுநாள் பார்சல் அனுப்பினேன். ஸ்டிக்கரில் மட்டுமல்ல, கார்டின் சில்லுக்குள்ளேயும் அதன் வரிசை எண் பதிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. நிறுவனம் அதைப் படித்துப் பார்த்து, அந்த எண் மருத்துவர் பெயரில் பதிவாகியிருந்ததால் அவருக்கு எழுதியது. அதற்கு முன்பே அவரிடம் மைத்துனன், தன் கைதவறி உடைந்ததாகவும் வேறு கார்டு வாங்கித் தருவதாகவும் சொல்லியிருக்கிறான். பார்சல் கடையின் பெயரில் வந்ததாகக் கடிதத்தில் இருந்ததால் அவர் மைத்துனன் மேல் புகார் கொடுத்தார்.

நேற்று அவனைப் பார்க்க வந்தேன். அவனுக்கு எதுவும் தெரியாது என்று என்னை நானே நம்பவைத்திருந்தேன். அவன் கம்பிக்குக் கிட்டே வந்து, "நீங்க வீட்டுக்குப் போங்க மாமா. அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்றான். நான் போனேன். போய்ச் சாப்பிடவும் செய்தேன்.

இன்று காலை என் மனைவி, "ஏங்க, ஒரு ஸ்க்ரூவைக்கூட எடுக்காதவன்ங்க அவன். நீங்க வந்து சொன்னா கேப்பாங்க" என்று என்னை அழைத்து வந்தாள். தம்பிக்கு மாற்றுத் துணியோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவனுக்காகப் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். நான் சொன்னதுதான், கூட்டவோ குறைக்கவோ இல்லை. யாரும் மிரட்டவும் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன், அதற்கு ஐந்து நிமிடம் மட்டும் கொடுங்கள்.

(ஒப்பம்)